எதிர் வரிசையில் இருந்த அண்ணனுக்கு

அண்ணன்,

இன்று காலை புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்துப் பாலர் பள்ளிக்குப் போயிருந்தேன். ஒரு பிள்ளைக்கு வயிற்று வலி. டீச்சர் தன் கைப்பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து, இரண்டு சொட்டு விரலில் தொட்டு, அவள் தொப்புளைச் சுற்றித் தடவினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. சட்டமன்ற உறுப்பினருக்கான மரியாதை குறையாமல், என்னாச்சு வைபி என்று டீச்சர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

சட்டமன்றத்தின் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அரை மணிக்கு ஒருமுறை அதே தைலத்தை நெற்றிப் பொட்டில் தேய்த்துக்கொள்வீர்கள். நடுவில் விரித்திருந்த கம்பளத்தைத் தாண்டி எதிர்க்கட்சி வரிசைவரை அந்த வாடை வரும். நீங்கள் எழுந்து பேசப்போகிறீர்கள் என்று சபாநாயகருக்குத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் வரிசையில் உங்களுக்கு வைத்திருந்த பெயர் கஞ்சன். அது உங்களுக்கும் தெரியும். ஒரு முறை நீங்களே அதைச் சொல்லிச் சிரித்தீர்கள்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. எழுத வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னபோதும் நான் பேசவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் உட்கார்ந்திருந்த இடத்தில், உங்களோடு நான் போட்ட சண்டைகளை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இன்றைக்கு ஆரம்பிக்கிறேன்.

முதல் சண்டை என்னுடைய முதல் உரையிலேயே வந்தது. சட்டமன்றத்துக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். தோட்டத்துப் பிள்ளைகள் பென்சிலைப் பிடிக்கத் தெரியாமல் ஒன்றாம் வகுப்புக்குப் போவதையும், முதல் மாதத்திலேயே பின்வரிசைக்குத் தள்ளப்படுவதையும் என் கண்ணால் பார்த்திருந்தேன். அதைத்தான் மலாயில் பேசினேன். இரண்டு வாரம் கண்ணாடி முன் நின்று பழகிய பேச்சு. மாநிலத்தின் கையிருப்பு நிதியைத் திறந்து, வடக்கு சிலாங்கூர் முழுக்கத் தோட்டத்துக்கு ஒரு பாலர் பள்ளி கட்டுங்கள் என்று முடிக்கப்போன நேரத்தில் நீங்கள் எழுந்து விளக்கம் கேட்டீர்கள். கட்டுவதற்குக் கையிருப்பை எடுத்துக்கொள்ளலாம், கட்டிய பிறகு டீச்சர்களுக்கு மூன்றாவது வருடம் சம்பளம் எங்கிருந்து வரும் என்றீர்கள். உங்கள் பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். நான் காகிதத்தைப் புரட்டுவதுபோல் நடித்து, இருந்த கடைசி இரண்டு வரியையும் படிக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் உணவறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தீர்கள். மன்றத்துக்குள் மலாயில் "யாங் பெர்ஹோர்மாட்" என்று மாண்புமிகு மரியாதையோடு என்னை அழைத்த அதே வாய், இங்கே தமிழில் பேசியது.

"கோவமா இருக்கியா தங்கச்சி?"

ஆமாம் என்றேன்.

"இரு. ஆனா நான் கேட்டதுக்குப் பதில் தேடு. நான் கேக்காட்டி நிதி அதிகாரி கேப்பான். அவன் சோத்துத் தட்டோட வந்து பக்கத்துல உக்கார மாட்டான்."

உங்களைப் பிடித்துவிடக் கூடாது என்று அன்றைக்கு உறுதியாக இருந்தேன். ஆனாலும் அந்தச் சாப்பாடு முடிவதற்குள், நீங்கள் ஏன் கையிருப்பை அப்படிக் காவல் காக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். கலும்பாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர் நீங்கள். அப்பா அங்கே வேலையாட்களை மேற்பார்த்த மண்டோர். தோட்டத்து மாதா கோயிலில் சனங்கள் வருடக்கணக்கில் சேர்த்த பணம் இருந்தது. அதை மொத்தமாக எடுத்து ஒரு மண்டபம் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு நீங்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனீர்களாம். அடுத்த வருடமே தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டக்கூட யார் கையிலும் எதுவும் இல்லை. இரண்டு மாதம் அந்த மண்டபத்திலேயே ஒன்பது குடும்பங்கள் படுத்திருந்தன. உங்கள் அம்மா அங்கேதான் காய்ச்சலில் விழுந்தார், பிறகு எழவில்லை என்று சொல்லிவிட்டு, மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினீர்கள்.

ஆனால் நான் விடவில்லை. வரவுசெலவுக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை என் தொகுதிக்கு வந்து பாருங்கள் என்று கேட்டேன். எதிர்க்கட்சிக்காரி கூப்பிட்டு நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். ஓட்டுநர்கூட இல்லாமல், பழைய காரை நீங்களே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள்.

அன்று எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் மலரைப் பார்த்தோம். உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவளுக்கு. பிள்ளையை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் மகள் யாழினியையும் கூடவே கூட்டிவந்திருந்தாள். மரத்தடியில் விரித்த கோணியில் அந்தப் பிள்ளை உட்கார்ந்து, அம்மா பொறுக்கிய பழங்களில் கொஞ்சத்தை எடுத்து, பெரியது ஒரு வரிசை, நடுத்தரம் ஒரு வரிசை, சின்னது ஒரு வரிசை என்று அடுக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் குந்தி உட்கார்ந்து, இதில் எத்தனை இருக்கிறது என்று கேட்டீர்கள். அவளுக்கு எண்ணத் தெரியவில்லை. மூன்று வரைக்கும் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு நீங்கள் ஒரு பழத்தை எடுத்து வேண்டுமென்றே தப்பான வரிசையில் வைத்தீர்கள். அவள் உடனே அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். நீங்கள் திரும்பவும் மாற்றி வைத்தீர்கள். அவள் திரும்பவும் எடுத்து வைத்தாள், இந்த முறை கொஞ்சம் அதட்டலாக உங்களைப் பார்த்தாள். உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மலரிடம் நீங்கள் உங்கள் கருத்தை மறைக்காமல்தான் சொன்னீர்கள். பணத்தை அவசரப்பட்டு எடுத்துவிட்டால் கஷ்ட காலத்தில் ஒன்றும் இருக்காது, கொஞ்சம் பொறுத்தால் நல்லபடியாகச் செய்யலாம் என்று. அவள் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு சொன்ன பதிலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"டுயிட் காசெல்லாம் எந்த வருஷமும் இருக்கும்யா. இவளுக்கு அடுத்த வருஷம் ஆறு வயசு. அதுக்கு அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்பு. ஆறு வயசு ஒரு வருஷந்தான இருக்கும்?"

நீங்கள் குனிந்து ஒரு பழத்தை எடுத்துச் சரியான வரிசையில் வைத்துவிட்டு, காரை நோக்கி நடந்தீர்கள். உங்களை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வெல்லவில்லை. அந்த வருட வரவுசெலவில் என் திட்டம் இடம்பெறவில்லை. நிதிக் குழுவின் தலைவர் நீங்கள். கையிருப்பைத் தொட வேண்டாம், இன்னும் ஆராயலாம் என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் நீங்கள். வாக்கெடுப்பு முடிந்து படியில் இறங்கும்போது என்னோடு பேச வந்தீர்கள். நான் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல், மன்றத்தில் பேச வேண்டியதைத் தவிர உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உணவறையில் உங்கள் மேசையைப் பார்த்தால் வேறு பக்கம் போய் உட்காருவேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது கொள்கை என்று நினைத்தேன்.

யாழினி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். இரண்டாவது வாரம் மலர் என் சேவை மையத்துக்கு வந்து, பிள்ளை பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுகிறாள் என்றாள். மற்றப் பிள்ளைகள் பேர் எழுதும்போது இவள் வெறும் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். மலர் போன பிறகு, அதை அப்படியே உங்களுக்குத் தொலைபேசியில் தட்டி அனுப்பினேன். வணக்கம்கூடப் போடவில்லை. நாலாம் நாள் கூப்பிட்டீர்கள்.

"என்னால ஒரு வருஷம் போச்சு. ஒத்துக்கிறேன்."

இன்னும் ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். "ஆனால்" என்றோ, அதிகாரிகள் என்றோ, கட்சி என்றோ ஒரு காரணம் வரும், அதைப் பிடித்துக்கொண்டு கத்தலாம் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. கடைசியில் நான்தான், இனி என்ன செய்யலாம் அண்ணன் என்று கேட்டேன். உங்களை முதன்முதலாக அண்ணன் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அந்த வார இறுதியிலேயே யாழினிக்குத் தனிப்பாடம் சொல்ல ஓர் ஓய்வுபெற்ற டீச்சரைப் பிடித்தீர்கள். அந்தப் பிள்ளை அரை வருடத்தில் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிட்டாள். ஆனால் ஒரு பிள்ளைக்குச் செய்ததைப் பெரிதாகப் பேசாதே, மற்றப் பிள்ளைகளுக்கு வழி தேடுவோம் என்று சொல்லிவிட்டீர்கள்.

நீங்கள் தேடிய வழி எனக்குப் பிடிக்கவில்லை. கையிருப்பின் அசலைத் தொடாமல், அது ஒவ்வொரு வருடமும் ஈட்டும் வருமானத்தில் ஒரு பங்கைப் பாலர் பள்ளிகளுக்கென்று விதியாகவே எழுதிவிட வேண்டும். நாட்டுக்கே கஷ்டம் வந்தால் மட்டும், பள்ளிகள் மூடாமல் இருக்க அசலிலிருந்து எடுக்கலாம். இதுதான் உங்கள் திட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் வருடம் நான்கு தோட்டங்களுக்குத்தான் வந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நான்கு தோட்டத்துக்காகவா இவ்வளவு நாள் அலைந்தேன் என்றேன்.

"நாலுல ஆரம்பி. ஆனா யாரு வந்தாலும் நிறுத்த முடியாத மாதிரி ஆரம்பிப்போம் லா. நாளைக்கு நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன். விதி இருக்கும்."

எட்டு மாதம் நிதி அதிகாரிகளின் அறைக்கும் என் மேசைக்கும் நடந்தீர்கள். ஒரு சொல்லை மாற்றுவதற்காக ஒரு வாரம் காத்திருந்ததும் உண்டு. "வழங்கலாம்" என்று அவர்கள் எழுதிய இடத்திலெல்லாம் "வழங்க வேண்டும்" என்று மாற்ற வைத்தீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நீங்கள்தான். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் எதிர்க்கட்சிக்காரியோடு சேர்ந்து தீர்மானம் கொண்டுவருவது உங்கள் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. அவள் பெயரை எடுத்துவிடு, இல்லாவிட்டால் அடுத்த தேர்தலைப் பற்றி யோசித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. உங்கள் உதவியாளர் சொல்லித்தான் தெரிந்தது. நான் பதறிப்போய் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. ஒரு கட்சியின் விதியாக இருந்தால் மறுகட்சி வந்ததும் கிழித்துப் போடும், இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால் கிழிக்க யோசிப்பார்கள் என்றீர்கள்.

அன்று மன்றத்தில் நீங்கள் பேசியது நீளமான பேச்சு இல்லை. செம்பனைக் காட்டில் பழங்களை அடுக்கிய ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னீர்கள், பெயர் சொல்லாமல். அவளுக்கு ஒரு வருடம் கடன்பட்டிருக்கிறேன், அந்த வருடத்தை இனித் திருப்பிக் கொடுக்க முடியாது என்று மலாயில் சொன்னபோது உங்கள் குரல் சற்றே இறங்கியது. உங்கள் முன்வரிசைக்காரர்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில்தான் மேசையைத் தட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த தேர்தல் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை.

செய்தி வந்த காலையில் உங்களைக் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல் பேசிக்கொண்டே போனேன். பின்னால் சந்தை இரைச்சல் கேட்டது. மீன் வாங்கிக்கொண்டிருந்தீர்கள். இத்தனை வருடமாக அண்ணி வாங்கிவருவதைச் சாப்பிட்டே பழகிவிட்டேன், எந்த மீன் எது என்றே மறந்துபோயிருக்கிறது என்றீர்கள். வருத்தம் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றீர்கள், உடனே, மறைக்காமல். பிறகு அந்த நான்கு பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டீர்கள்.

கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் வந்தபோதுதான் உங்கள் விதியின் அருமை எனக்குத் தெரிந்தது. பெற்றோருக்கு வேலை போனது. கட்டணம் வாங்கி நடந்த பாலர் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. என்னோடு முன்பு வேலை பார்த்த டீச்சர்கள் வீட்டில் பலகாரம் சுட்டு விற்றுப் பிழைத்தார்கள். நம் பள்ளிகள் அதற்குள் பதினேழு ஆகியிருந்தன. அவற்றின் டீச்சர்களுக்கு ஒரு மாதமும் சம்பளம் நிற்கவில்லை. விதியில் எழுதியிருந்தபடி அசலிலிருந்து எடுத்தார்கள். எடுக்க அங்கே அசல் இருந்தது. அனுமதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பயிற்சித் தாள்களையும் சேர்த்து லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு வீட்டு வாசலில் ஒரு பிள்ளை முகக்கவசத்துக்குள்ளிருந்தே ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணிக் காட்டினாள்.

அன்று மாலை உங்களைக் கூப்பிட்டு, என் முதல் உரையில் கேட்டதுபோல் எல்லாவற்றையும் எடுத்துச் செலவழித்திருந்தால் இன்றைக்கு ஒன்றும் இருந்திருக்காது, நீங்கள் சொன்னது சரி என்றேன்.

"நீ சொன்னதும் சரிதான் தங்கச்சி. நான் கேட்டிருந்தா இன்னும் ஒரு வருஷப் புள்ளைங்க உள்ள வந்திருக்கும்."

கடைசியாக உங்களைக் கலும்பாங் வீட்டில் பார்த்தேன். மெலிந்திருந்தீர்கள். அண்ணி வற்புறுத்தி இரண்டு வாய் கஞ்சி குடிக்க வைத்தார். அப்போதுதான் முடிந்திருந்த தேர்தலுக்குப் பிறகு ஆட்சியில் நாங்களும் பங்கு பெற்றிருந்தோம். பாலர் பள்ளிக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கியிருந்தார்கள். அதைக் கேட்டதும் நெடுநேரம் சிரித்தீர்கள், இருமல் வரும்வரை. கஞ்சனுக்குப் பெண்பால், இனி நீதான் கஞ்சி என்றீர்கள். அண்ணிக்குப் புரியவில்லை, இன்னும் கஞ்சி வேண்டுமாக்கும் என்று கிண்ணத்தைத் தூக்கினார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து அவருக்குக் கோபம்கூட வந்தது. அப்படி ஒரு நாளாக அது முடிந்ததில் எனக்கு இப்போதும் ஆறுதல்.

அண்ணன், போன மாதம் நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்துக் குடும்பங்கள் பாலர் பள்ளி கேட்டிருந்தார்கள். நிதி ஒதுக்கியாகிவிட்டது. அவர்கள் தற்காலிகமாகக் கோயில் மண்டபத்திலேயே ஆரம்பிக்கலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம் பிள்ளைகளுக்கு எப்போதும் இரவல் கூரைதானா, ஒழுங்கான கட்டடம் வரட்டும் என்றேன். நல்ல எண்ணம்தான். ஆனால் நிலத்துக்கு அனுமதி இழுத்துக்கொண்டே போனது. ஒரு முழு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் அங்கே கூட்டம் நடத்தினேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். லோரி ஓட்டுகிறவர், வேலை உடுப்போடு வந்திருந்தார்.

"கட்டடம் நல்லாத்தான் வரும் வைபி. ஆனா அது வர்றதுக்குள்ள எம்மவ ஒண்ணாம் வகுப்பு போயிருவா."

பக்கத்திலிருந்த அதிகாரி கோப்பைத் திறந்து, எந்தக் கடிதம் எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று விளக்க ஆரம்பித்தார். எல்லாம் உண்மையான காரணங்கள். நான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன். எழுந்து நின்றேன். முப்பது நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்னால ஒரு வருஷம் போச்சுங்க. ஒத்துக்கிறேன்," என்றேன். அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

அந்த லோரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, பகலில் மண்டபம் சும்மாதானே கிடக்கிறது என்றார். கோயில் தலைவர், மேசை நாற்காலி வந்தால் சாவியை நாளைக்கே தருகிறேன் என்றார். ஒரு பெண் எழுந்து, கழிவறைக் கதவு பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் எட்டாது, அதை முதலில் மாற்ற வேண்டும் என்றாள். அதிகாரி கோப்பை மூடிவிட்டு, அதையெல்லாம் ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். டீச்சர் யார், பால் யார் கொண்டுவருவது, மழை நாளில் பிள்ளைகளை யார் ஏற்றிவருவது என்று பேச்சு ஓடியது. கட்டட வேலையும் தன்பாட்டில் நடக்கும். அதற்காக யாரும் இனிக் காத்திருக்கப்போவதில்லை.

உங்கள் விதியை அதிகாரிகள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், ஆட்சி மாறியும் யாரும் கிழிக்கவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நான் சுமந்து நடப்பது நீங்கள் தொலைபேசியில் சொன்ன அந்த இரண்டு வாக்கியத்தை. தப்பைக் கூட்டத்தின் நடுவில் சொல்லிவிட்டால் அவமானத்தில் நின்றுபோவோம் என்று இத்தனை வருடம் பயந்திருந்தேன். சொன்னதும் வேலை தொடங்கிவிடுகிறது அண்ணன். நீங்கள் அதை எனக்குச் சொல்லவே இல்லை, செய்து காட்டிவிட்டு மட்டும் போனீர்கள்.

லோரிக்காரரின் மகளுக்கு ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் வகுப்பு. பத்தொன்பது பிள்ளைகள் பதிந்திருக்கிறார்கள். கழிவறைத் தாழ்ப்பாளைப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்துக்கு நேற்றே இறக்கிப் பொருத்திவிட்டார்களாம்.